கத்தியா, கரண்டா

என் தங்கச்சிக்கு மார்பை எடுத்தாக வேண்டும் என்று முடிவான அன்று, அதை எதனால் அறுப்பது என்பதைப் பற்றி டாக்டரம்மா எங்களிடம் வெகுநேரம் பேசினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பொம்பளையின் மார்பை எடுக்கப் போகிறீர்கள், கத்தியால் எடுத்தால் என்ன, கரண்டால் எடுத்தால் என்ன, போவது போவதுதானே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தங்கச்சி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். என் வாயைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஓவர்லாக் டெய்லர். அவள் செக்கிங். தைத்து வருகிற பீஸை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். என் பீஸும் திரும்பி வரும். "கூடப் பொறந்தவளாச்சேன்னு கொஞ்சம் பாத்து உடக் கூடாதா?" என்று நான் கத்தினால், "உனக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த பீஸை எடுப்பாள். அப்படிப்பட்டவள்.

கட்டியைக் குளிக்கும்போதுதான் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் என்னிடம் சொல்லவில்லை, கட்டிய புருசனிடமும் சொல்லவில்லை. அப்போதுதான் எங்கள் தம்பிக்கு வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் பெண் அமைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று பையனைப் பெற்றவர்களைக் கேட்டால் தெரியும். அப்பா அம்மா போன பிறகு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும்தான் அலைந்தோம். தம்பிக்கு முன்நெற்றி வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் காபியைக் குடித்துவிட்டு, "ரோசனை பண்ணிச் சொல்றமுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறோம். கடைசியில் ஒரு வீட்டில் சரி என்று சொல்லி, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் இது.

வலி தாங்காமல் ஒருநாள் கம்பெனி பாத்ரூமில் ஜாக்கெட்டைத் தளர்த்திக் காட்டினாள். தோல் ஆரஞ்சுப் பழத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தது. நான் அவளை அன்றைக்கே கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டுத் தள்ளிப்போடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் மார்பை எடுக்க வேண்டும், புண் ஆறியதும் காலம் தாழ்த்தாமல் கீமோ ஏற்ற வேண்டும், இடையில் நாள் போகப் போக ஆபத்து என்றார் டாக்டரம்மா. கல்யாணம் ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் நடுவில் வந்து நின்றது.

"பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாங்கா. அந்த ஊட்டுல கேன்சர்னு ஒரு சொல்லு போச்சுன்னா கண்ணாலம் நின்னுரும்" என்றாள் தங்கச்சி. ஒறம்பரை, சொந்தக்கார சனங்களிடமெல்லாம் வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்தோம்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. பொறுமைசாலி. ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மேல் தோலையும் அதை ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்பையும் முதலில் உள்ளே இருப்பதிலிருந்து பிரித்துத் தூக்க வேண்டும். பிறகு நெஞ்சுச் சதையின் மேலிருந்து மார்பை முழுசாக உரித்து எடுக்க வேண்டும். அக்குளில் இருக்கும் நெறிக் கட்டிகளையும் எடுக்க வேண்டும். இதைக் கத்தியால் செய்யலாம். ரத்தம் கொஞ்சம் கூடப் போகும், ஒவ்வொரு ரத்தக் குழாயாகப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும், நேரமாகும். கரண்டில் செய்வதென்றால் பேனா மாதிரி ஒரு கருவி. தொட்ட இடம் அறுபடும், அறுபடும்போதே ரத்தக் குழாயும் கருகி அடைபட்டுவிடும். ஆனால் அந்தச் சூட்டில் பக்கத்துக் கொழுப்பும் வேகிறது, வெந்த இடத்திலிருந்து பிற்பாடு நீர் அதிகமாகக் கசிகிறது என்று சொல்கிறார்கள். அதிர்வில் அறுக்கிற இன்னொரு கருவியும் இருக்கிறது, விலை கூடுதல், இங்கே இல்லை.

"எது நல்லதுங்க?" என்று கேட்டாள் தங்கச்சி.

"அதைத்தாம்மா ரெண்டையும் வச்சுப் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, அப்ப இத்தன நாளும் தெரியாமத்தான் அறுத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரெண்டிலும் நோய் ஒரே மாதிரிதான் போகும், எதில் நீர் குறைவாக வருகிறது, எதில் டியூபைச் சீக்கிரம் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப முடிகிறது என்பதைத்தான் பார்க்கிறோம், இஷ்டமிருந்தால் இந்த ஆராய்ச்சியில் சேரலாம், இல்லையென்றால் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றார். எங்கள் கம்பெனியில் லேபிள் நாடாவைச் சூட்டுக் கத்தியில்தான் வெட்டுவார்கள். ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. அதனால் கரண்டே வைத்துவிடுங்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். தங்கச்சி அந்த நிலையிலும் சிரித்தாள். "நான் என்ன பாலியஸ்டராக்கா?" என்றாள். அப்புறம் டாக்டரம்மாவைப் பார்த்து, "நான் சேந்துக்கறனுங்க. பின்னால வர்ற பொம்பளைங்களுக்கு உதவுமுல்லங்க" என்றாள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஒட்டிய கவருக்குள் வைத்திருந்தார்கள். அவளுக்கு வந்தது கத்தி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது பக்கம் தட்டையாகி, குறுக்கே நீளக் கட்டு. அக்குளுக்குக் கீழே தோலைத் துளைத்து ஒரு டியூப். அதன் மறு நுனியில் அமுக்கினால் சுருங்கி விரிகிற பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கசிகிற நீரெல்லாம் அதில் வந்து சேரும். தினமும் காலையில் நர்ஸ் வந்து அளந்து குறித்துக்கொண்டு போவார். ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் டியூபை எடுக்க முடியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் லீவு போட்டுவிட்டு அவள் கட்டிலுக்குக் கீழேயே பாயைப் போட்டுப் படுத்துக் கிடந்தேன்.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி, கூடையோடு அவன் பக்கத்தில் நின்று சீர் செய்ய வேண்டும். அவள் நிற்காமல் கல்யாணம் நடக்காது. மூத்தவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் செத்துப் போய்விட்டார், அதனால் நான் அந்த மேடையில் ஏறக் கூடாது. தம்பியைத் தூக்கி வளர்த்த கை இது. அவனுக்குப் பல் விளக்கிவிட்டது, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியது எல்லாம் இந்தக் கைதான். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று பெரியவர்களிடம் சண்டைக்கே போனேன். "அது அப்பிடித்தானுங்க அம்மிணி, மொறைய மாத்த முடியாதுங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். நாசமாய்ப் போன முறை. ஆக, நிற்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். நெஞ்சில் டியூபும் கையில் டப்பாவுமாக அவள் எப்படி நிற்பாள்?

நல்லவேளையாக அவளுக்கு நீர் மளமளவென்று குறைந்தது. பக்கத்துக் கட்டில்களில் சிலருக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே இவளுக்கு முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "கத்தியில பண்ணினது எவ்வளவு நல்லா ஆறுது பாருங்க" என்று கூட வந்த சின்ன டாக்டர்களிடம் காட்டினார். டியூபை எடுத்துவிட்டார்கள். நான் பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கல்யாணத்தன்று அவள் நின்ற நிற்பை நான் மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பனியன் துணி வேஸ்டை அடைத்து நானே தைத்துக் கொடுத்ததை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூடையை இடது கைப் பக்கமாகவே தாங்கிக்கொண்டாள். முகம் மட்டும் வெளுத்துப்போய், உதட்டுக்கு மேலே வியர்த்து நின்றது. தம்பி அவளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெண் வீட்டுக்காரர்கள், "அக்காளுக்குத் தம்பி மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே நெஞ்சில் தோலுக்கு அடியில் நீர் கட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிக் கட்டிய பாலிதீன் பையைத் தொடுவது போல இருந்தது. மறுவீட்டு விருந்து முடியட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து உளற ஆரம்பித்த பிறகுதான் தெரிந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். மறுபடி கட்டியது, மறுபடி எடுத்தார்கள். அப்புறம் சீழ் வைத்தது. தையலைப் பிரித்துத் திறந்து கழுவி, புண்ணை ஆற விட்டார்கள். "இவ்வளவு குறைஞ்சு டியூப் எடுத்தவங்களுக்கு எப்படி இவ்வளவு சேர்ந்துச்சுன்னே புரியலையே" என்று டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புண் ஆறாமல் கீமோ ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. எந்த நாளைத் தள்ளவே கூடாது என்று சொன்னார்களோ, அந்த நாள்.

பிறகு கீமோ, முடி கொட்டல், ரேடியேஷன் எல்லாம் நடந்தது. கொஞ்ச நாள் நன்றாகக்கூட இருந்தாள், கம்பெனிக்கும் வந்தாள். வலது கை வீங்கிக்கொண்டதால் பீஸை விரிக்கக் கஷ்டப்பட்டாள், ஆனாலும் வந்தாள். அடுத்த வருஷம் முதுகில் வலி என்றாள். ஸ்கேன் எடுத்தால் எலும்பிலும் ஈரலிலும் வந்துவிட்டது. கீமோ தள்ளிப் போனதாலா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். "அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் என்னால சொல்ல முடியல" என்றார். பொய் சொல்லாத மனுஷி. இனிமேல் வலிக்கு மட்டும் மருந்து கொடுப்போம் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் புருசன் நைட் ஷிப்டுக்குப் போகிற ஆள், அதனால் அவளை நான் என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாத்துக்குடியை உரித்து ஒவ்வொரு சுளையாக அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"அடிக்கற மாதிரி இருந்தா அடிப்பேன். சொல்லு."

"ஆஸ்பத்திரில அந்த டப்பாத் தண்ணிய நான் கொட்டிப்போட்டேங்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. நர்ஸ் அளக்க வருவதற்கு முன்னால், நான் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பாத்ரூமுக்குப் போய் டப்பாவைத் திறந்து பாதிக்கு மேல் கொட்டிவிட்டு, மறுபடி அமுக்கி மூடிக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள். முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கூடுதலாக, அப்படியே குறைந்து வருவது போலக் காட்டியிருக்கிறாள். நீர் குறையவே இல்லை. டியூப் இன்னும் சில நாள் உள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

சாத்துக்குடியைத் தட்டில் வைத்துவிட்டேன். இதை வெளியாட்கள் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு எண்ணைச் சொன்னால் அது டார்கெட். கம்பெனியில் மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் தலைக்கு மேலே வந்து நின்று கத்துவான். அதனால் ஒரு மணியில் கூடுதலாக வந்த பீஸைக் கட்டி மெஷினுக்கு அடியில் வைத்துக்கொள்வோம், குறைகிற மணியில் எடுத்துக் காட்டுவோம். லைன் முழுக்க அப்படித்தான். அதைப் பொய் என்றே யாரும் நினைத்ததில்லை. முப்பது என்று டாக்டரம்மா சொன்னதும் இவள் அதை எட்டிக் காட்டிவிட்டாள். அது உடம்பு கேட்கிற கணக்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அடிப் பாவி, அடிப் பாவி" என்று கத்தினேன். அடிக்க ஓங்கிய கை அவள் எலும்புத் தோளைப் பார்த்ததும் தானே இறங்கிவிட்டது. அந்தக் கூடையை ஒரு நாழிகை என் கையில் கொடுத்திருந்தால் இவள் கொட்டியிருக்கவே மாட்டாளே என்று நினைத்து நினைத்து அழுதேன். இன்றைக்கும் அந்தச் சனங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அழுவாத. என்னைய டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போக்கா. இத அவங்ககிட்டச் சொல்லணும்."

"சொல்லி இனி என்னத்தக் கிழிக்கறது? பேசாம படு."

"நீ கூட்டிட்டுப் போவலீன்னா நானே பஸ்ஸேறிப் போயிருவேன்" என்றாள். எழுந்து உட்காரவே முடியாதவள் சொல்கிற பேச்சா அது? ஆனால் போய்விடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மறுநாள் ஒரு காரை வாடகைக்குப் பேசிப் பின் சீட்டில் தலையணை வைத்துப் படுக்க வைத்துக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முனகினாள்.

டாக்டரம்மா அவளைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும், வலி கூடிவிட்டதாக நினைத்து மாத்திரையை எழுதப் போனார். தங்கச்சி தடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கல்யாணம்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் கடைசியில். "டியூபோடவே அனுப்பியிருப்பேனே. டப்பாவைச் சேலைக்குள்ள வச்சுக் கட்டியிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

தங்கச்சி அவரையே பார்த்தாள். அப்படி ஒரு வழி இருந்தது என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. எனக்கும்தான்.

"என்னோட கணக்க அடிச்சுருங்க டாக்டரம்மா. கத்தில தண்ணி கம்மியா வந்துச்சுன்னு நீங்க நெனச்சது நெசமில்லீங்க."

"அடிச்சுடறேன். ஒருத்தரோடது தானே."

தங்கச்சி விடவில்லை. "கொட்டுனது நான் மட்டும் இல்லீங்க. ஊட்டுல கொழந்தைய உட்டுப்போட்டு வந்தவங்க, வேல போயிரும்னு பயந்தவங்க... வார்டுல நெறையப் பேருங்க. எனக்குச் சொல்லிக் குடுத்ததே பக்கத்துக் கட்டில்காரங்கதானுங்க."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இப்ப எது நல்லதுங்க, கத்தியா, கரண்டா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"இப்ப எனக்குத் தெரியலம்மா. மறுபடி முதல்ல இருந்துதான் பாக்கணும்." அப்புறம் அவர் கேட்டார், "இவ்வளவு முடியாத நேரத்துல இதைச் சொல்றதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"எங்க அம்மா போனதும் இதே சீக்குலதானுங்க, அது கேன்சர்னு அப்ப எங்களுக்குத் தெரியல. எனக்கு வந்துருச்சு. நாளைக்கு எங்கக்காளுக்கும் வந்துச்சுன்னா, என்னோட பொய்யப் பாத்து அவள அறுத்துருவீங்களேன்னு பயமா இருக்குதுங்க. நான் போயிட்டா அப்பறம் யாரு வந்து சொல்லுவாங்க?"

அத்தனை பேர் நடமாடும் அந்த ஓ.பி. அறையில் நான் வாய்விட்டு அழுதேன். மேடையில் எனக்கு இடமில்லை என்று சொன்ன சனங்களுக்கு முன்னால் நிற்பதற்காக உயிரைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த கொஞ்ச உயிரில் எனக்காகக் கார் ஏறி வந்திருக்கிறாள் இந்தக் கழுதை. டாக்டரம்மா எழுந்து வந்து அவளுடைய வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மொதல்ல அவளுக்கு எழுதுங்க" என்றாள் தங்கச்சி.

அன்றைக்கே எனக்குப் படம் எடுத்தார்கள், ஒரு இடத்தில் ஊசியால் துளி சதையும் எடுத்தார்கள். ரிசல்ட் வாங்க நான் மட்டும்தான் போனேன். அவள் அதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டாள். ஒன்றும் இல்லை, சாதாரணக் கொழுப்புக் கட்டிதான் என்று டாக்டரம்மா சிரித்த முகத்தோடு சொன்னார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன். தம்பியும் அவன் பெண்டாட்டியும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவளுக்கு மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. குனிந்து அவள் காதோடு வாயை வைத்து, "அம்மிணி, எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.